வேனை விட்டு இறங்காத பாப்பா

என் மகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பாதை தெரிந்துவிட்டது.

நான் செடெனாக் பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மனைவிக்குக் குலாயில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட். பொழுது விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் மூன்று வயதிலிருந்தே மகள் என்னோடு வேனில்தான் வருவாள். கதவுக்குப் பக்கத்து இருக்கையில் குழந்தைகளுக்கான சின்ன நாற்காலியைக் கட்டி, அதில் அவளை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிடுவேன். மலாயில் தாமான் என்கிற குடியிருப்புகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, கடைசியில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் தொழிலாளர் லயன் வீடுகள் வரை போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்குவேன். வேனில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே எழுதிவிடுகிறேன்.

பாப்பாவுக்கு எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும், எங்கே ஹாரன் அடிக்க வேண்டும், எந்த முனையில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்தப் பிள்ளையின் அம்மா முன்னாலேயே சொல்லியிருப்பார். நான் அந்த வீட்டைத் தாண்டிப் போவேன். பின்னாலிருந்து ஒரே கத்தல் கிளம்பும். வேனை நிறுத்தி, "இன்னிக்கு அவன் வரல பாப்பா" என்று கையை விரித்துக் காட்டினால்தான் அடங்குவாள்.

ஆனால் சொல் வரவில்லை. நாலு வயதில் அவளிடம் இருந்தவை "ப்பா", "மா", பிறகு "டொப்". இந்த டொப் அவளே செய்துகொண்டது. என் வேன் பழையது. பக்கவாட்டில் ஓடும் கதவை இழுத்து அறைந்தால்தான் மூடும். கடைசிப் பிள்ளை ஏறியதும் பெரிய பிள்ளைகளில் யாராவது இழுத்துச் சாத்திவிட்டு, "போலாம் அங்கிள்!" என்று கத்துவார்கள். கதவு சாத்துகிற அந்தக் கணத்தில் பாப்பா இரண்டு கையையும் தட்டி "டொப்!" என்பாள். அவளைப் பொறுத்தவரை அதற்குப் பிறகுதான் உலகம் நகரும்.

ஐந்து வயதில் பாலர் பள்ளியில் சேர்த்தோம். சில வாரங்களிலேயே அங்கிருந்த ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சின்னப் பெண், சொல்லத் தயங்கினார். "மத்த பிள்ளைங்க பாடுறப்போ இவ மேசைக்கு அடியில போய் உக்காந்துக்கிறா. பென்சில் பிடிக்க வரல. ஒண்ணு சொன்னா செய்யறா, ரெண்டு சேத்துச் சொன்னா கொழம்பிடறா. தப்பா எடுத்துக்காதீங்க, ஒருதடவ கிளினிக்ல காட்டிடுங்களேன்."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள், "நல்லவேளை, யாரோ ஒருத்தவங்க வாயத் திறந்தாங்க." அதுவரை எங்களிடம் பேசியவர்கள் எல்லாரும் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் அஞ்சு வயசுலதான் பேசினான், இவ ஆறு வயசு வரைக்கும் வாயே திறக்கல, இப்ப நிறுத்தவே முடியல என்று ஆளுக்கொரு கதை. ஆறுதலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப் போயிருந்தது.

அரசாங்க கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குழந்தை மருத்துவர், காது பரிசோதனை, கட்டைகளை அடுக்கச் சொல்லிப் பார்ப்பது, மறுபடியும் மருத்துவர் என்று மாதங்கள் ஓடின. காதில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் மருத்துவர் எங்களை உட்கார வைத்து, மலாயில் நிதானமாகச் சொன்னார். அவர் பேச்சில் "லம்பாட்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. தாமதம். நாங்கள் தினமும் புழங்குகிற சொல்தான் அது. பஸ் லம்பாட், சம்பளம் லம்பாட், மழை பெய்தால் என் வேன் லம்பாட். அந்தச் சாதாரணச் சொல்லை ஒரு டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து என் பிள்ளையைப் பார்த்துச் சொன்னபோது அது வேறு சொல்லாகக் கேட்டது. பேசுவதில் தாமதம், கற்பதில் தாமதம். காரணம் இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. வளர வளர எவ்வளவு எட்டிப் பிடிப்பாள் என்றும் இப்போதே சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்க வேண்டாம், பயிற்சியை இன்றே ஆரம்பியுங்கள், பள்ளிக்கூடத்திலும் உதவியோடு படிக்கிற இடமாகப் பாருங்கள் என்றார்.

திரும்ப வேனில் ஏறியும் நான் சாவியைத் திருகவில்லை. மனைவி கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பாப்பா சிறிது நேரம் பொறுமையாக இருந்தாள். பிறகு, கதவு சாத்தியாகிவிட்டதே, இன்னும் ஏன் கிளம்பவில்லை என்பதுபோல, "டொப்! டொப்!" என்று அதட்டினாள். மனைவி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "எடுங்க வண்டிய. மொதலாளி திட்டறாங்க." போகிற வழியில் நிறுத்தி மூன்று பேரும் கடலைக் குழம்பு ஊற்றித் தரும் ரோஜாக் சாப்பிட்டோம். பாப்பா குழம்பை மட்டும் நக்கினாள்.

பேச்சுப் பயிற்சியை நான் மறக்க மாட்டேன். பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். முக்காட்டில் சின்னப் பூனைப் படம் போட்ட ஊசி குத்தியிருப்பார். பாப்பா முதல் இரண்டு முறையும் அவர் பக்கமே திரும்பவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாற்காலியின் திருகாணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை அவர் யானைப் படத்தை எடுத்து வைத்துவிட்டு, என்னிடம் மலாயில் கேட்டார். வீட்டில் தமிழ்தானே பேசுகிறீர்கள், இந்தப் படத்தில் இருக்கும் 'கஜா'வுக்குத் தமிழில் என்ன?

"யானை" என்றேன்.

"யா... நேய்" என்றார் அவர், ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்து.

பாப்பாவின் கை திருகாணியில் நின்றது.

"யா நேய்" என்றார் மறுபடியும். பிறகு பூனையைக் காட்டி என்னைக் கேட்டு, "புன்னேய்" என்றார். பாப்பா மெல்லத் திரும்பினாள். அவர் வாயையே பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு பெரிய மனுஷியின் சலிப்பு தெரிந்தது. விரலை நீட்டி, ஒரு எழுத்தாகச் சொன்னாள்: "னை."

"நேய்?"

"னை!"

"நேய்!"

பாப்பாவுக்குச் சிரிப்பு வெடித்தது. விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாரா, நிஜமாகவே வரவில்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் புதுத் தமிழ்ச் சொற்களைக் கேட்டு வைத்துக்கொள்வார், பாப்பா அவரைத் திருத்துவாள். மகளுக்குப் பயிற்சி என்று போன இடத்தில் மகளே வாத்தியார். இப்படித்தான் அவளுக்கு "பூன", "மாடு", "தண்ணி" எல்லாம் வந்தன.

அடுத்தது பள்ளிக்கூடம். அங்கேதான் எனக்கு ஒரு அதிசயம் காத்திருந்தது. நான் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்குகிற அதே தமிழ்ப்பள்ளியில், சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால், சிறப்புக் கல்வி வகுப்பு ஒன்று இருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பள்ளி எனக்கு வாசல் வரைக்கும்தான் தெரியும். பயிற்சி கொடுத்த அம்மா விசாரித்துச் சொன்னபோது, "அலமாக், அது நம்ம ஸ்கூல்தான்!" என்று தமிழும் மலாயும் கலந்து கத்திவிட்டேன்.

அந்த வகுப்பில் இடம் கேட்பதற்கு முதலில் பிள்ளையைச் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். உடற்குறையோ கற்றல் குறையோ உள்ளவர்களுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையால்தான் வீட்டில் சண்டை வந்தது. மனைவியின் அண்ணன் பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பழம் கொண்டுவருவார், கூடவே ஒரு அபிப்பிராயமும் கொண்டுவருவார். அன்றைக்கும் பழத்தை வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மச்சான், நல்லா யோசிங்க. கார்டு எடுத்துட்டா அது பிள்ள நெத்தியில ஒட்டின மாதிரி. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா?"

மனைவி அடுக்களையிலிருந்து கத்தியும் கையுமாக வந்தாள். பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள், வேறொன்றுமில்லை.

"அண்ணே, நீங்க கண்ணாடி போடறீங்க. கண்ணாடி இல்லாம உங்களால சைன் போர்டு படிக்க முடியுமா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"அதேதான். யாராச்சும் கேட்டா கண்ணு தெரியலன்னு வெக்கப்படறீங்களா? போட்டுக்கிட்டு படிச்சிட்டுப் போறீங்கல்ல? எம்பிள்ள கல்யாணத்தப் பத்தி அவ ஷூ போடக் கத்துக்கிட்டப்புறம் பேசலாம். மொதல்ல பழத்தச் சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அட்டை எடுக்கும் நாளன்று தோட்டத்தில் விடுப்பு சொல்லிவிட்டு அவரும் கூடவே வந்தார். வரிசையில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்ததும் அவர்தான்.

சிறப்புக் கல்வி ஆசிரியையை முதன்முதலாகப் பார்த்தபோது உடற்பயிற்சி ஆசிரியை என்று நினைத்துவிட்டேன். நல்ல உயரம். சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தயக் காலணி. கழுத்தில் விசில். சிரித்தால் மண்டபம் அதிரும். பாப்பாவைப் பார்த்ததும் குனிந்து அவள் உயரத்துக்கு வந்து, "வாங்க மேடம், பசியாறியாச்சா?" என்றார். பாப்பா என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

எங்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். "அப்பா, அம்மா, கேட்டுக்குங்க, எழுத்து தெரியணும், எண்ணு தெரியணும்னு நான் கேக்க மாட்டேன். அதுக்குத்தான் நாங்க இருக்கோம். தானா சாப்பிடணும், ஷூ போடணும், டாய்லெட் வந்தா எப்படியாவது சொல்லணும். மொத மூணு மாசம் பழக்கிப் பாக்கற காலம். இங்க ஒத்து வருதான்னு பாப்போம். வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கு. வீட்டுல ஆரம்பிச்சிடுங்க."

ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் அவ்வளவு கூத்து அதற்கு முன்பும் நடந்ததில்லை, அதற்குப் பின்பும் நடந்ததில்லை.

சாப்பாட்டை வாசலில் பாய் போட்டு வைத்தோம். உள்ளே வைத்தால் கழுவி மாளாது. பாப்பா தட்டிலிருந்து வாய்க்குப் போகிற வழியில் பாதிச் சோறு கீழே விழும். அடுத்த வீட்டு மலாய் அம்மாவின் கோழிகளுக்கு இது எப்படியோ தெரிந்துபோய், சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வேலி ஓரமாக வந்து நிற்க ஆரம்பித்தன. பாப்பாவுக்குக் கோழிகளைப் பிடிக்கும், ஆனால் தன் சோற்றைத் தின்றால் பிடிக்காது. கொடுக்கக் கூடாது என்ற வைராக்கியத்திலேயே கரண்டியை இறுகப் பிடித்து ஒழுங்காகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். கோழிகளுக்குத்தான் நஷ்டம்.

கழிவறைக்கு மனைவி ஒரு சைகை சொல்லிக்கொடுத்தாள். வயிற்றில் இரண்டு தட்டு. பாப்பா அதை உடனே பிடித்துக்கொண்டாள், கூடவே அதன் இன்னொரு பயனையும் கண்டுபிடித்துவிட்டாள். வயிற்றைத் தட்டினால் பெரியவர்கள் எந்த வேலையையும் போட்டுவிட்டு எழுந்து ஓடி வருகிறார்கள். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் தட்டினாள். மனைவி தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி தட்டினாள். மேளம் பிடிக்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது. பயிற்சி கொடுத்த அம்மாவிடம் இதைப் புகாராகச் சொன்னேன். அவர் கைதட்டினார். "நல்லது! தனக்கு என்ன வேண்டும் என்று உங்களிடம் சொல்கிறாள் இல்லையா?" அப்படிப் பார்த்தால் நல்லதுதான்.

காலணி போடப் பழக்கும் பொறுப்பை வேன் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. பாப்பா தங்கள் பள்ளிக்கு வரப்போகிறாள் என்று தெரிந்ததும் வேன் ஒரு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. புதுக் கறுப்புக் காலணியைக் காலையிலேயே மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஆளுக்கு ஆள் கற்றுக்கொடுப்பார்கள். அவள் எப்போதும் இடதை வலதில் மாட்டுவாள். ஒரு நாள் ஒருத்தி, அன்னாசிப் பழப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தை உரித்து எடுத்து, பாதியாக வெட்டி, ஒரு காலணியின் உட்புறம் ஒரு பாதியையும் மற்றதில் இன்னொரு பாதியையும் ஒட்டிவிட்டாள். சரியாகப் பக்கத்தில் வைத்தால் முழு அன்னாசி. மாறி வைத்தால் இரண்டு அரைகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டும். பாப்பா அதைப் பார்த்தாள், மாற்றினாள், மறுபடி பார்த்தாள். பிறகு கால்களை உள்ளே விட்டாள். வேன் முழுக்க ஒரே ஆரவாரம். முன்னால் போன லாரிக்காரர் என்னமோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

இப்படி எல்லாத் தயாரிப்பும் முடித்து, முதல் நாளும் வந்தது. மனைவி விடுப்பு எடுத்திருந்தாள். மச்சான் அன்னாசியோடு வந்திருந்தார். நீலப் பினாஃபோரும் வெள்ளைச் சட்டையும் போட்டு, முதுகை மறைக்கும் பையோடு பாப்பா தன் வழக்கமான இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக வழக்கம்போலப் பிள்ளைகளை ஏற்றினோம். பள்ளி வாசல் வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். பாப்பா ஒவ்வொருவருக்கும் கையாட்டினாள்.

எல்லாரும் இறங்கியாயிற்று. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"இறங்குடா பாப்பா, ஸ்கூல் வந்திருச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக் கதவைக் காட்டினாள். "டொப்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோறு, கழிவறை, காலணி என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். இதை யாரும் யோசிக்கவில்லை. மூன்று வயதிலிருந்து அவள் பார்த்தது, இந்த வாசலில் மற்றவர்கள் இறங்குவார்கள், தான் இருப்பாள் என்பதுதான். இறங்குவது அவர்கள் வேலை. கையாட்டுவது அவள் வேலை. மனைவி தூக்கி இறக்கப் பார்த்தாள். இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, "டொப்! டொப்!" என்று அலறினாள். அந்தச் சத்தத்தில் வாசலில் நின்ற பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் வேர்த்தது. மச்சான், "நாந்தான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. அன்னாசியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்காகவே அவரை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

விசில் மாட்டிய ஆசிரியை வந்தார். ஒரு பார்வை பார்த்தார். "அழ வெச்சு இறக்க வேணாம்மா. இன்னிக்கு அழுது இறங்கினா நாளைக்கு வேன்லயே ஏற மாட்டா. நாளைக்கும் கூட்டிட்டு வாங்க, அப்பா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பிள்ளைகள் இறங்கியதும் ஆசிரியை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனுக்குள் ஏறினார். பின்னாலேயே அவர் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். "அப்பா, கொஞ்ச நேரம் நிக்க முடியுமா? இன்னிக்கு வகுப்பு இங்கதான்." படங்களை இருக்கையில் பரப்பினார். பாட்டு ஒன்று பாடினார்கள். பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தன் வேனுக்கு விருந்தாளிகள் வந்திருப்பதில் பெருமை. மணி அடித்ததும் அவர்கள் இறங்கிப் போனார்கள். பாப்பா கையாட்டினாள். நான் அவளோடு வீடு திரும்பினேன்.

இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனது. தினமும் வந்தார். ஒரு நாள் பாப்பாவைக் கதவோரப் படியில் உட்கார வைத்துப் பாடினார். ஒரு நாள் அவள் கால்கள் தரையைத் தொட்டன, உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். எனக்குத்தான் பொறுமை போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறதே என்று ஆசிரியையிடமே கேட்டுவிட்டேன். "வேன்ல நடந்தாலும் அது வகுப்புதான், அப்பா. நான் வருகை போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று சிரித்தார்.

பிறகு ஒரு காலை, அவர் இறங்கப் போகும்போது பாப்பா பின்னாலிருந்து "டொப்" என்றாள். ஆசிரியை நின்றார்.

"அப்பா, இந்த டொப்னா என்ன? மொத நாள்லேருந்து கேக்கணும்னு இருக்கேன்."

சொன்னேன். கதவு சாத்துகிற சத்தம். அது கேட்டால்தான் அவளுக்கு வண்டி கிளம்பும். சாத்துவது பெரிய பிள்ளைகள், அவளுக்குக் கொடுப்பதில்லை, கதவு கனம்.

"அவளுக்குச் சாத்தணும்னு ஆசையா?"

"ஆசையாவா? உயிரு, டீச்சர்."

ஆசிரியை கீழே இறங்கி நின்றார். கதவைப் பாதி வரை இழுத்து, "ஆ... வரல! பாப்பா, எனக்கு டொப் வரலையே!" என்றார். முக்கி முனகி இழுப்பதுபோல நடித்தார். "யாராவது வாங்களேன்!"

பாப்பா பெல்ட்டைத் தட்டிக் காட்டினாள். நான் திரும்பிக் கழற்றிவிட்டேன். அவள் எழுந்து படிக்கு வந்தாள். உள்ளேயிருந்தே கதவைப் பிடிக்கப் பார்த்தாள்.

"உள்ளேருந்து முடியாதுடா. வெளியிலேருந்துதான் டொப்."

பாப்பா கதவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு, லாரியிலிருந்து கூடை இறக்குகிற பெண்கள் பின்பக்கமாக இறங்குவார்களே, அப்படித் திரும்பி, ஒரு காலை வைத்து, இன்னொரு காலையும் வைத்து, இறங்கிவிட்டாள். இரண்டு பேருமாகக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள். கதவு ஓடி வந்து அறைந்தது.

"டொப்!" என்றாள்.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வேன் தகரத்தில் சின்னக் கை ஒன்று பட் பட்டென்று தட்டியது. பிறகு ஒரு குரல் கேட்டது. அது என் மகளின் குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. பெயர்களும் டொப்பும் தவிர ஒரு சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"போலாம்!"

ஆசிரியை கையால் சைகை காட்டினார். போங்க, போங்க. கிளம்பாவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும். நான் கியர் போட்டேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பாப்பா கையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆசிரியையின் விரலைப் பிடித்துக்கொண்டு, முதுகில் அந்தப் பெரிய பை ஆட, வாசலுக்குள் போனாள்.

முனை திரும்பி ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன். தொழிற்சாலைக்குள் ஒரே இயந்திரச் சத்தம்.

"போலாம்னு சொல்லிட்டா!" என்று கத்தினேன்.

"என்னங்க? எங்க போலாம்? நான் வேலையில இருக்கேன்லா!"

"நான் இல்ல! அவ! அவ சொன்னா, போலாம்னு!"

"அவரு எங்கயோ போகணுமாம்" என்று மனைவி பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு சத்தம் குறைந்தது. வெளியே வந்திருப்பாள். நான் முதலிலிருந்து சொன்னேன். "இருக்கியா?" என்றேன். "இருக்கேன்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள். வேலை நேரத்தில் அவ்வளவு நேரம் அவளை அதற்கு முன் யாரும் வெளியே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் சிக்கல் இல்லை என்று சொன்னால் பொய். மழை நாளில் இறங்க மாட்டாள். ஆசிரியைக்குப் புது உதவியாளர் வந்தபோது ஒரு வாரம் மேசைக்கு அடியில்தான் வகுப்பு. ஆனால் மூன்று மாதம் முடிந்து, இந்த வகுப்பு இவளுக்கு ஒத்துவருகிறது, இவள் இங்கேயே படிக்கலாம் என்று ஆசிரியை சொன்னபோது மச்சான் வகுப்பு முழுவதற்கும் பழம் நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பும் மிளகாய்த் தூளும் தனிப் பொட்டலத்தில்.

இப்போது பாப்பா இரண்டாம் ஆண்டு. அதே வயதுப் பிள்ளைகள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். இவளுக்குத் தன் பெயரின் எழுத்துகள் தெரியும், பத்து வரை பொருள்களை எண்ணத் தெரியும், ஏழு என்பதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாள். ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் மற்ற பிள்ளைகளோடு அவர்கள் வகுப்புக்கே போகிறாள். இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறாள். "அப்பா மெதுவா" என்பது அதில் முக்கியமானது. வேகமாக ஓட்டினால் சொல்வாள்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஆண்டு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இந்த முறை போனபோது ஆசிரியை கேட்டார், "அம்மா, உங்களுக்கு இந்த வருஷம் பாப்பாகிட்ட என்ன பாக்கணும்? எழுத்தா, எண்ணா?"

மனைவி யோசித்தாள். நான் ஏழு என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், சிரிக்காதீங்க. அவ யார்கூடயாவது சண்டை போடணும்."

"சண்டையா?"

"ஆமா. இவ எல்லாருக்கும் கையாட்டறா, எல்லாரும் இவள தூக்கி வெச்சுக்கறாங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா இவளுக்குன்னு ஒரு கூட்டாளி வேணும். ஒருநாள் பேசாம இருந்துட்டு மறுநாள் சேந்துக்கற மாதிரி."

ஆசிரியை சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். எழுந்து, வகுப்பின் பின்பக்கக் கதவைத் திறந்து, "வந்து பாருங்க" என்றார்.

வெளியே பிள்ளைகள் போட்ட கத்தரிச் செடிகள். பாப்பாவும் இன்னொரு பெண்ணும் ஒரே தண்ணீர்க் குழாயை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண், "என்னோடது!" என்றாள். பாப்பா, "இல்ல, என்னுது!" என்றாள். தண்ணீர் செடிக்குப் போகாமல் இரண்டு பேர் மேலேயும் பீய்ச்சியடித்தது. உதவியாளர் நனைந்துபோய் நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா இதே கதைதான்" என்றார் ஆசிரியை. "காலையில இதுக ரெண்டும் கைகோத்துக்கிட்டுத்தான் வகுப்புக்கு வருது. தண்ணி ஊத்தற நேரம் வந்தா விரோதிங்க."

மனைவி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, பிரித்துவிடாமல், முழுச் சண்டையையும் ரசித்துப் பார்த்தாள்.